வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள்: உத்தரவு ஒருவருடையது, கை இன்னொருவருடையது



ஞாயிற்றுக்கிழமை மக்தப் வகுப்பு முடிந்த பிறகு, பிளஸ் ஒன் படிக்கும் மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து நின்றார். "ஹஜ்ரத், வியட்நாம் சண்டைப் படம் ஒன்னு பார்த்தேன். அமெரிக்கச் சிப்பாய் அவனோட கூட்டாளி செத்ததும் அப்படி அழுறான். பாவமா இருந்துச்சு. அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?" என்றார். சட்டென்று பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "அந்தப் படத்தில் வியட்நாம்காரர் யாராவது பேசினாரா?" என்று திருப்பிக் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை ஹஜ்ரத், அவங்க ஓடுறாங்க, சுடுறாங்க, விழுறாங்க, அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது. நாம் கல்லூரியில் பி.ஏ. படித்த காலத்தில் வியட்நாம் போருக்குப் பாடப்புத்தகம் ஒதுக்கியது அரைப் பக்கம். அதிலும் ஜனாதிபதிகளின் பெயர்களும் ஒப்பந்தங்களின் தேதிகளும்தான் இருந்தன. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வயலில் நடந்தவன் யார், அவனை அனுப்பியது யார், அவனிடம் என்ன சொல்லி அனுப்பினார்கள், அங்கே போய் அவன் என்ன செய்தான் என்பது எதுவும் இல்லை. நம் வீடுகளில் பிள்ளைகள் கைப்பேசியில் இத்தகைய படங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆகவே பெற்றோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் போர் தொடங்கிய விதம். வியட்நாம் பிரான்ஸின் ஆட்சியில் இருந்த நாடு. 1954ல் தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜெனீவா உடன்பாட்டின்படி நாடு தற்காலிகமாக 17ஆவது அட்சரேகையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே ஹோ சி மின் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு, தெற்கே அமெரிக்கா தாங்கிப் பிடித்த அரசு. நாட்டை ஒன்றாக்குவதற்கான தேர்தல் 1956ல் நடக்க வேண்டும், நடக்கவில்லை. அமெரிக்கச் சிப்பாய்கள் முதலில் "ஆலோசகர்கள்" என்ற பெயரில் போனார்கள். 1963 முடிவில் அவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து என்ன ஆலோசனை சொல்லியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1964 ஆகஸ்ட் மாதம் டோங்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக ஜனாதிபதி ஜான்சன் அறிவித்தார். ஆகஸ்ட் 2ஆம் தேதி மோதல் நடந்தது உண்மை. ஆகஸ்ட் 4ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அமெரிக்க உளவு அமைப்பின் சொந்த ஆவணங்களே பிற்காலத்தில் வெளியாகி இதை உறுதி செய்தன. ஆனால் அந்தச் சொல்லை நம்பி நாடாளுமன்றம் ஜனாதிபதிக்குக் கட்டற்ற அதிகாரம் கொடுத்தது. கீழவையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. மேலவையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். 1965 மார்ச் 8ஆம் தேதி சுமார் 3,500 மரைன் படையினர் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். 1969 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 5 லட்சத்து 43 ஆயிரம்.

இவ்வளவு பேரை எங்கிருந்து பிடித்தார்கள்? பாதிக்கு மேற்பட்டோர் தாமாகச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்களிலும் பலர், எப்படியும் நம்மை இழுத்துப்போகப் போகிறார்கள், முன்கூட்டியே சேர்ந்தால் கொஞ்சம் நல்ல பிரிவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர்கள். 18 வயது நிரம்பியதும் ஒவ்வோர் இளைஞனும் பெயரைப் பதிய வேண்டும். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதை அந்தந்த ஊர்க் குழு முடிவு செய்யும். கல்லூரியில் படிப்பவனுக்கு விலக்கு உண்டு. வசதியுள்ள வீட்டுப் பையன் மேற்படிப்பு படித்து, குடும்ப மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தப்பித்துக்கொண்டான். ஆலைத் தொழிலாளியின் மகனும், விவசாயக் கூலியின் மகனும், கறுப்பினத்துப் பையனும் போனார்கள். ஆரம்ப ஆண்டுகளில் களத்தில் செத்தவர்களில் கறுப்பினத்தவரின் விகிதம் மக்கள்தொகையில் அவர்களுக்கு இருந்த விகிதத்தைவிட மிக அதிகம். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமைக்கு வயது 21. சாவதற்கு 18 போதும், வாக்களிக்கப் போதாது. 1971ல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமை வயதை 18 ஆக்கினார்கள்.

ஆள் பற்றாக்குறை வந்ததும் 1966ல் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா ஒரு திட்டம் கொண்டுவந்தார். படையின் எழுத்துத் தேர்வில் தேறாத, படிப்பறிவு குறைந்த இளைஞர்களையும் சேர்க்கலாம் என்பதே அது. ஏழைப் பிள்ளைகளுக்கு இது முன்னேற்ற வாய்ப்பு என்று விளக்கம் சொன்னார்கள். அந்தத் திட்டத்தில் மூன்றரை லட்சம் பேர் படைக்கு எடுக்கப்பட்டார்கள்.

தகுதியை இப்படித் தளர்த்தியபோது சிக்கியவர்களில் ஒருவர் நமக்கெல்லாம் நன்கு தெரிந்தவர், முஹம்மது அலி. 1964ல் அந்த எழுத்துத் தேர்வில் தேறாததால் படைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர். 1966ல் அளவுகோலை இறக்கியதும் அதே மனிதர் தகுதியானவர் ஆகிவிட்டார். 1967 ஏப்ரல் 28ஆம் தேதி ஹூஸ்டன் நகர ஆள்சேர்ப்பு மையத்தில் அவருடைய பழைய பெயரைச் சொல்லி அழைத்தார்கள், ஓர் அடி முன்னே வை என்றார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தமது மார்க்கம் இந்தப் போருக்கு இடம் தரவில்லை என்று எழுதிக் கொடுத்தார். உலகச் சாம்பியன் பட்டம் பறிபோயிற்று. 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் இருந்ததால் சிறைக்குள் போகவில்லை என்றாலும், 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலத்தில், அவரால் மேடை ஏற முடியவில்லை. 1971 ஜூன் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது. அவருடைய கோரிக்கையை ஏன் மறுத்தோம் என்று மேல்முறையீட்டுக் குழு காரணமே எழுதவில்லை என்பதுதான் அதற்கு நீதிமன்றம் சொன்ன அடிப்படை. அன்று அவர் சார்ந்திருந்த 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பின் கொள்கைகள் நம் அகீதாவுக்கு ஒத்தவை அல்ல என்பதையும், 1975க்குப் பிறகு அவர் அதைவிட்டு வந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அதனால் அந்த ஓர் அடியை எடுத்து வைக்காததன் கனம் குறைந்துவிடாது.

அவரைப் போல மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். பல்லாயிரம் பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஜனாதிபதி கார்ட்டர் 1977 ஜனவரியில் பதவியேற்ற மறுநாள் பொதுமன்னிப்பு அளித்த பிறகுதான் பலருக்கு ஊர் திரும்ப வழி பிறந்தது.

சரி, போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? படங்களில் எல்லாரும் காட்டில் சண்டை போடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலோருக்குக் கிடங்கு, துறைமுகம், சமையலறை, வண்டிப் பட்டறை, மருத்துவமனை, விமானத் தளம் என்று பின்களத்தில்தான் வேலை. மொத்தம் 27 லட்சம் பேர் முறை வைத்துப் போய் வந்தார்கள். ஒருவருக்குத் தவணை ஓர் ஆண்டு, மரைன் என்றால் 13 மாதம். ஊரும் மொழியும் பிடிபடும் நேரத்தில் ஆள் மாறிவிடுவார். புதிதாக வருபவருக்கு மறுபடியும் எல்லா வியட்நாம்காரரும் ஒரே முகம்.

காலாட்படையின் வேலையைப் புரிந்துகொள்ள "பிணக்கணக்கு" என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் போரில் இன்ன ஊரைப் பிடித்தோம், இன்ன ஆற்றைக் கடந்தோம் என்று வெற்றியை அளக்க வழியில்லை. பகலில் பிடித்த கிராமம் இரவில் கெரில்லாக்கள் கைக்குப் போய்விடும். எனவே படைத்தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் காலத்தில் அளவுகோல் ஒன்றுதான்: இன்று எத்தனை எதிரிகளைக் கொன்றீர்கள்? எண்ணிக்கை கூடினால் பதவி உயர்வு, விடுப்பு, பாராட்டு. செத்துக் கிடப்பவர் கெரில்லாவா விவசாயியா என்று யார் போய்ச் சோதிப்பது? எல்லாம் எதிரி கணக்கில் சேர்ந்தது. இதோடு, சில பகுதிகளைத் தடையின்றிச் சுடலாம் என்று அறிவித்தார்கள். எச்சரிக்கைத் துண்டறிக்கை போட்டுவிட்டோம், அதன்பிறகும் அங்கே இருப்பவர் எதிரிதான் என்பது வாதம். பாட்டன் பூட்டன் கப்ருகள் இருக்கும் மண்ணை ஒரு தாளைப் பார்த்துவிட்டு எவர் விட்டுப் போவார்? 1965 ஆகஸ்டில் காம் நே கிராமத்தில் மரைன் ஒருவர் சிகரெட் லைட்டரால் கூரை வீட்டுக்குத் தீ வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து அமெரிக்க வீடுகள் அதிர்ந்தன. ஆனால் வேலை நிற்கவில்லை.

அந்த நாட்டில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சாம்பா அரசின் வழிவந்த சாம் இன முஸ்லிம்கள் தெற்கு வியட்நாமில் நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் சைகோனுக்கு வணிகம் செய்யப் போனார்கள். அந்நகரின் மையத்தில் டோங் டூ தெருவில் உள்ள பள்ளிவாசல் 1935ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. போரைப் பற்றி எழுத வந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தங்கிய பெரிய ஓட்டல்களிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். இன்றும் அங்கே ஜமாஅத் நடக்கிறது.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். அதற்கு ஒரே ஒரு நாள் காலைப்பொழுதைப் பார்த்தால் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1968 மார்ச் 16. குவாங் ங்கய் மாகாணம், சோன் மி கிராமத்தின் மை லாய் என்ற பகுதி. அங்கே அனுப்பப்பட்ட சார்லி கம்பெனி என்ற பிரிவு வியட்நாமுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை எதிரியை நேருக்கு நேர் பார்த்து அவர்கள் பெரிய சண்டை எதுவும் போட்டதில்லை. ஆனால் கண்ணிவெடியிலும் பொறிகளிலும் ஒவ்வொருவராகக் கூட்டாளிகளை இழந்துகொண்டிருந்தார்கள். இரண்டு நாள் முன்புதான் ஒரு சார்ஜென்ட் செத்திருந்தார். முந்தைய நாள் மாலை கேப்டன் மெடினா, நாளை அந்தக் கிராமத்தில் இருப்பவர்கள் எதிரிகள்தான், பொதுமக்கள் சந்தைக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

காலையில் உள்ளே போனவர்களை எதிர்த்து யாரும் சுடவில்லை. சமைத்துக்கொண்டிருந்த பெண்கள், கிழவர்கள், குழந்தைகள்தான் இருந்தார்கள். அவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். பெண்களைச் சீரழித்தார்கள். லெப்டினன்ட் வில்லியம் காலி என்பவர் மக்களை ஒரு வாய்க்கால் ஓரத்துக்கு ஓட்டிவந்து, தாமும் சுட்டு, தம் ஆட்களையும் சுடச் சொன்னார். வியட்நாம் நினைவிடத்தில் அன்று கொல்லப்பட்டவர்கள் என்று பொறிக்கப்பட்ட பெயர்கள் 504. அமெரிக்க ராணுவம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 347. அன்று அந்தக் கம்பெனியில் காயம்பட்டது ஒருவர், அதுவும் தன் துப்பாக்கியால் தன் காலிலேயே சுட்டுக்கொண்டவர். கைப்பற்றிய ஆயுதங்கள் மூன்று. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் எழுதியது: எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டனர். பிணக்கணக்கு என்றோமே, அது இதுதான். தலைமைத் தளபதியிடமிருந்து பாராட்டுச் செய்தியும் வந்தது.

அதே காலை, அதே சீருடை, அதே உத்தரவு. ஆனால் எல்லாரும் சுடவில்லை. காலி நேரில் சொல்லியும் மாட்டேன் என்று துப்பாக்கியைத் தாழ்த்தியவர்கள் இருந்தார்கள். ஒதுங்கி வேறு பக்கம் போனவர்கள் இருந்தார்கள். அவர்களில் எவரையும் யாரும் அங்கே கொன்றுவிடவில்லை. மறுத்திருந்தால் என்னைச் சுட்டிருப்பார்கள் என்று பின்னால் சொல்லப்படும் சமாதானத்தைக் கேட்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

மேலே ஒரு சிறிய ஹெலிகாப்டர் வேவு பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஹியூ தாம்சன், வயது 24. உடன் க்ளென் ஆண்ட்ரியோட்டா, 20. லாரன்ஸ் கோல்பர்ன், 18. கீழே காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு உதவி வரட்டும் என்று தாம்சன் பச்சைப் புகைக்குண்டு போட்டு அடையாளம் காட்டினார். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால் அவர் அடையாளம் காட்டியவர்களே செத்துக் கிடந்தார்கள். அப்போதுதான் நடப்பது அவருக்குப் புரிந்தது. ஒரு பதுங்குகுழியில் சிலர் ஒளிந்திருப்பதையும், அமெரிக்கச் சிப்பாய்கள் அதை நோக்கி வருவதையும் பார்த்தவர், இரண்டுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். நான் இவர்களை வெளியே அழைத்து வருகிறேன், நம் ஆட்கள் இவர்களைச் சுட்டால் நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள் என்று தம் கூட்டாளிகள் இருவரிடமும் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். பத்துப் பேர் அளவில் வெளியே வந்தார்கள். அவருடைய ஹெலிகாப்டரில் இடம் இல்லை. வேறு ஹெலிகாப்டரை வரவழைத்து அவர்களை அனுப்பிவைத்தார். பிறகு அந்த வாய்க்காலில் ஏதோ அசைந்தது. ஆண்ட்ரியோட்டா பிணங்களுக்கு நடுவே இறங்கி ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். அதை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, தளத்துக்குப் போய் மேலதிகாரிகளிடம் தாம்சன் சத்தம் போட்டார். அதன் பிறகே கொலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில், அமீருக்குக் கட்டுப்படுதலின் எல்லை எது என்ற பாடம் வரும். நெருப்பில் குதிக்கச் சொன்ன அமீரின் சம்பவம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அன்று அதைப் பாடமாக ஓதினோம். கட்டுப்படாமல் நிற்பவனுக்கு என்ன விலை என்பதை மை லாய் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தோம்.

அந்த விலையைக் கேளுங்கள். ராணுவம் முதலில் நடந்ததை மூடியது. தாம்சனுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். சண்டைக்கு நடுவில், இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டிலிருந்து குழந்தையைக் காப்பாற்றினார் என்று அதில் பொய் எழுதியிருந்தது. அவர் அதை வீசி எறிந்தார். ஆண்ட்ரியோட்டா அடுத்த மாதமே ஹெலிகாப்டர் சுடப்பட்டு இறந்துபோனார். ரான் ரைடன்ஹவர் என்ற இன்னொரு சிப்பாய், அங்கே இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை 1969 மார்ச் மாதம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் கடிதமாக அனுப்பினார். அதன்பிறகே விசாரணை. நவம்பரில் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் எழுத, ராணுவப் புகைப்படக்காரர் தம் சொந்தக் கேமராவில் எடுத்த வண்ணப் படங்களும் வெளியாக, உலகம் பார்த்தது. இந்தக் கொடுமையைச் செய்தவர்களும் சிப்பாய்கள், வெளியே கொண்டுவந்தவர்களும் சிப்பாய்கள்.

தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர். 1971 மார்ச் மாதம், பெரும்பாலும் வியட்நாமில் பணியாற்றிய அதிகாரிகளே அமர்ந்த ராணுவ நீதிமன்றம், 22 பேரைக் கொன்ற குற்றத்துக்காகக் காலிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்ற அவரது வாதத்தை அந்த அதிகாரிகளே ஏற்கவில்லை. ஆனால் நாட்டில் பெருங்கூட்டம் காலிக்காகக் கொதித்தது. ஜனாதிபதி நிக்சன் அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக்காவலில் வைக்கச் சொன்னார். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றே அதிகமான காலத்தில் வெளியே வந்துவிட்டார். கேப்டன் மெடினா விடுதலை. மூடிமறைத்த ஜெனரலுக்குப் பதவி ஒரு படி இறங்கியது. பொய் சொல்லிப் போரைத் தொடங்கியவர்களும், பிணத்தை எண்ணச் சொன்னவர்களும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. தாம்சனுக்கோ கொலை மிரட்டல்கள் வந்தன. அவரைத்தான் தண்டிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் ராணுவக் குழுத் தலைவரே பேசினார்.

காலிக்காக வாதிட்டவர்கள் எல்லாரையும் கொடூரர்கள் என்று ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. பெரியவர்களை விட்டுவிட்டு ஒரு சின்ன அதிகாரியைப் பலிகொடுக்கிறார்கள் என்று அவர்களில் சிலர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மை, வாய்க்காலில் கிடந்த குழந்தைகளுக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை.

1973 மார்ச் 29ஆம் தேதி கடைசிப் படைப்பிரிவு வெளியேறியது. 1975 ஏப்ரல் 30ஆம் தேதி சைகோன் வீழ்ந்தது. அமெரிக்கத் தரப்பில் செத்தவர்கள் 58,000க்கு மேல். அவர்களின் சராசரி வயது 23. வாஷிங்டனில் கறுப்புக் கல் சுவரில் ஒவ்வொரு பெயரும் இருக்கிறது. வியட்நாம் அரசு 1995ல் வெளியிட்ட கணக்கில் பொதுமக்கள் மட்டும் 20 லட்சம், போராளிகள் 11 லட்சம். இந்தப் பெயர்களை எழுத எவ்வளவு நீளச் சுவர் வேண்டும் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

திரும்பி வந்தவர்களும் சுகமாக இல்லை. தூக்கத்தில் அலறுவது, வெடிச்சத்தம் கேட்டால் தரையில் விழுவது, குடி, வீட்டில் அடிதடி. இதற்கு ஒரு நோய்ப்பெயர் மருத்துவப் பட்டியலில் ஏறியது 1980ல்தான். களத்துக்குப் போன ஆண்களில் பத்தில் மூன்று பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதை அனுபவித்ததாக அரசு நடத்திய பெரிய ஆய்வு கண்டது. காடுகளை அழிக்க 1962 முதல் 1971 வரை விமானத்தில் தெளித்த களைக்கொல்லிகள் 7 கோடி லிட்டருக்கு மேல். 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்ற நஞ்சு அதில் பெரும்பகுதி. நோயில் விழுந்த அமெரிக்கச் சிப்பாய்கள் வழக்குப் போட, ரசாயன நிறுவனங்கள் 1984ல் 18 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தன. அதே நஞ்சால் பாதிக்கப்பட்ட வியட்நாம் மக்கள் தொடுத்த வழக்கை 2005ல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டையும் கையாண்டவர் ஒரே நீதிபதி.

தாம்சனுக்கும் அவர் கூட்டாளிகள் இருவருக்கும் ராணுவம் உண்மையைச் சொல்லிப் பதக்கம் கொடுத்தது 1998 மார்ச் 6ஆம் தேதி. முப்பது ஆண்டு கழித்து. ஆண்ட்ரியோட்டாவுக்கு மறைவுக்குப் பின். அதே மாதம் தாம்சனும் கோல்பர்னும் மை லாய்க்குப் போனார்கள். அன்று உயிர் தப்பிய பெண்களில் ஒருவர் தாம்சனிடம் வந்து, அன்றைக்குச் சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை என்று கேட்டார். தாம்சன் நொறுங்கிப்போனார். அந்தப் பெண் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர்கள் வந்திருந்தால் நாங்கள் மன்னித்திருப்போமே என்றார். தம்மால் அப்படி மன்னிக்க முடியவில்லை, அந்த அளவுக்குத் தாம் உயர்ந்த மனிதர் இல்லை என்று தாம்சன் பின்னால் மாணவர்களிடம் ஒளிக்காமல் சொன்னார்.